பன்னிரண்டு ஆசனமும் ஒரு பங்கரும்

யோகாசனம் படிப்பிக்கிற தொழிலில் மிகக் கடினமான ஆசனம், மற்றவர்கள் செய்வதைச் சிரிக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். நாலு பேருக்கு முன்னால் நின்று "மூச்சை உள்ளே இழுங்கோ" என்று சொல்லிப்போட்டு, இழுத்த மூச்சை வெளியே விடச் சொல்ல மறந்துபோன அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் பக்கத்தில் வந்து இருங்கள். நாங்கள் ஒரே வருத்தக்காரர்.

நான் இந்தத் தொழிலில் விழுந்தது தொண்ணூறுகளின் முன்பாதியில், சண்டை நடந்த காலத்தில், என் ஊரான உருத்திரபுரத்தில். யாழ்ப்பாணத்தில் ஒரு சுவாமியாரிடம் இரண்டு வருடம் பழகிவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். வயது இருபத்திரண்டு. ஊரில் முதுகு நோகாத ஆள் இல்லை. ஆசுப்பத்திரியில் நோவுக்குப் பூச எண்ணெய் இல்லை. "அப்ப உந்தப் பெடியன்ரை வித்தையைத்தான் ஒருக்காப் பாப்பம்" என்று வயல் செய்கிற கமக்காரரின் சங்கம் தன் மண்டபத்தைப் பின்னேரங்களில் தந்தது. சங்கத் தலைவர் செல்லத்துரையர். முழங்கால் வாதக்காரர், ஊன்றுதடி இல்லாமல் தன் வீட்டு வாசற் படலை வரைக்கும் போகமாட்டார். அவர் போட்ட நிபந்தனை இதுதான்: விதைப்பு முடிந்ததிலிருந்து அறுவடை தொடங்கும்வரை மூன்று மாதம். அதற்குப் பிறகு கமிற்றி வந்து பார்க்கும். சனம் பன்னிரண்டு ஆசனத்தையும் ஒழுங்காகச் செய்தால் மண்டபம் வகுப்புக்கு. இல்லாவிட்டால் நெல்லு மூட்டைக்கு.

எனக்கு அந்த மண்டபம் வேண்டியிருந்தது. சின்ன வயசிலிருந்தே என் குரல் என் சட்டைப் பொத்தானைத் தாண்டிப் போனதில்லை. அம்மப்பா சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்தவன் நான். கேட்கிறவனுக்குக் குரல் எதற்கு? அப்படிப்பட்டவனை முதல்முறையாகப் பத்துப் பதினைந்து பேர் "மாஸ்ரர்" என்று கூப்பிட்டார்கள். அதை நெல்லு மூட்டைக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

பத்தாவது பாடம்

முதல் வகுப்புக்குக் கொப்பியும் கையுமாகப் போனேன். ஒரு கிழமையாகப் பென்சிலால் எழுதி, அழித்து, திரும்ப எழுதிய ஒழுங்கு. பழகாதவர்களுக்கு லேசானது முதலில், கஷ்டமானது பிறகு. முதலாவது, கால்களைச் சேர்த்து நேராக நிற்பது. பத்தாவது, பாதம் முழுவதும் தரையில் பதியக் குந்தியிருப்பது. யாழ்ப்பாணத்தில் என்னோடு பழகிய கந்தோர் உத்தியோகத்தர்களுக்கு அந்தக் குந்தல் வர எட்டு மாதம் எடுத்தது. இரண்டு பேர் பின்பக்கமாக உருண்டே போனார்கள்.

நான் மண்டபத்துக்குள் கால் வைத்தபோது, வந்திருந்த பதினாலு பேரும் சுவரோரமாகக் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதம் முழுக்கத் தரையில். ஒருவர் அந்த இருப்பிலேயே பீடி பற்றவைத்து, பக்கத்து ஆளுக்கும் எட்டிப் பற்றவைத்துக் கொடுத்தார். நான் கொப்பியை மெதுவாக மூடிக்கொண்டு, "சரி, எழும்பி நேராக நில்லுங்கோ" என்றேன். அங்கேதான் எல்லாம் பிழைத்துப்போனது. ஒருவருக்கும் நேராக நிற்க வரவில்லை. மூட்டை சுமந்த தோள் ஒன்று மேலே, மற்றது கீழே. மண்வெட்டி பிடித்த முதுகு முன்னுக்கு. "இன்னும் நிமிருங்கோ" என்றால் வயிறுதான் முன்னுக்கு வந்தது. உழவு மெசின் ஓட்டுகிற சின்னராசா அண்ணை கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று பார்த்தார். முகம் சிவந்து, கண் கலங்கி, பழையபடி வளைந்து விட்டு என்னிடம் சொன்னார்:

"மாஸ்ரர், உங்கடை பத்தாவது பாடம் எங்களுக்குப் பிறக்கேக்கையே முடிஞ்சுது. இந்த முதலாவதுதான் சாகிறதுக்கிடையிலை வருமோ தெரியேல்லை."

சீலைக்கு அந்தப் பக்கம்

அன்றிரவே ஒழுங்கைத் தலைகீழாக்கினேன். குந்துதல் முதலாவதாக வந்தது. இரண்டாம் கிழமை பெண்களும் வந்தார்கள். வந்த உடனே அவர்கள் செய்த வேலை, குறுக்கே கயிறு கட்டி மூன்று பழைய சீலைகளைத் தொங்கவிட்டு மண்டபத்தை இரண்டாக்கியது. ஆம்பிளைகள் முன்பக்கம், பெண்கள் பின்பக்கம். நான் முன்பக்கம். அந்தப் பக்கத்தை நான் பார்க்கக்கூடாது. அவர்களால் என்னைப் பார்க்க ஏலாது. என் குரலோ சீலை வரைக்கும் போய் அதிலேயே தொங்கிவிடும்.

காப்பாற்றியவர் ராமாயியக்கா. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். களை பிடுங்கும் பெண்களுக்கு முன்னால் நின்று வேலை பிரித்துக் கொடுப்பவர். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கத்து மாடு திரும்பிப் பார்க்கும். இரண்டு சீலைகள் சந்திக்கும் இடத்தில் தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்ப்பார். உள்ளே திரும்பி அறிவிப்பார். நான், "மூச்சை மெதுவாக உள்ளெடுத்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்துங்கோ" என்பேன். அந்தப் பக்கம் அது, "ம், மூச்ச இழு! கையத் தூக்கு! ஒசரத்துல மாம்பழம் தொங்குது, எட்டிப் பறி! ஏ வள்ளி, அடுத்தவ பழத்துல கைய வைக்காத!" என்று போகும். என் கொப்பியில் மாம்பழமே இல்லை. ஆனால் கொஞ்ச நாளில் ஆம்பிளைகளும் என்னை விட்டுவிட்டு அவர் குரலுக்கே கையைத் தூக்கினார்கள். முதன்முதலாக முதுகுகள் நிமிர்ந்தன. பொறாமையில் ஒருநாள் கேட்டேன்: "அக்கா, நான் சொல்லுறதை அப்பிடியே சொன்னால் என்ன?" அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சொல்லலாம் தம்பி. ஆனா நீங்க சொல்றது எனக்கே கேக்கலையே. ஒங்க கை எங்க போவுதுன்னு பாத்துத்தான் நானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

சாரம்

சுவரோடு ஒட்டிப் படுத்து, கால் இரண்டையும் சுவரில் ஏற்றிவைத்தால் முதுகு நோவுக்கு அந்த மாதிரி ஒரு சுகம் இல்லை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட லேசான ஆசனமும் இல்லை. அதை நான்காவதாக வைத்திருந்தேன். சுவாமியாரிடம் பழகியவர்கள் எல்லாரும் காற்சட்டைக்காரர் என்பதை மறந்துபோனேன். இங்கே பதினாலு பேரும் இடுப்பில் சுற்றிக் கட்டிய சாரம். கால் மேலே போகச் சாரம் கீழே வந்தது. பதினாலு பேரும் ஒரே நேரத்தில் காலை இறக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள்.

ஆனால் முதுகுக்குக் கிடைத்த அந்த அரை நிமிடச் சுகத்தை விட அவர்களுக்கு மனமில்லை. அடுத்த வகுப்புக்கு ஒருவர் சணல் கயிற்றுப் பந்தோடு வந்தார். ஒவ்வொருவரும் சாரத்தின் கீழ்முனையைக் கணுக்காலில் சேர்த்து, மூட்டை வாய் கட்டுகிற அதே முடிச்சால் கட்டினார்கள். பிறகு சுவரோரம் வரிசையாகப் படுத்துக் காலை ஏற்றினார்கள். அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் சின்னராசா அண்ணை படுத்தபடியே சொன்னார்:

"செல்லத்துரையருக்குச் சொல்லிவிடுங்கோ மாஸ்ரர், மூட்டை அடுக்கியாச்சு எண்டு."

தலை எந்தப் பக்கம்?

கடைசி ஆசனம் சும்மா மல்லாந்து கிடப்பது. அதற்குச் சவாசனம் என்று பெயர் சொன்னது என் பிழை. "நோவுக்கு மருந்து கேட்டு வந்த ஆக்களைப் பிணமாக்கிப் போட்டீரே" என்று எழும்பிவிட்டார்கள். பெயரை "ஆறுதல்" என்று மாற்றினேன். அதோடு முடியவில்லை. மண்டபம் வடக்குத் தெற்காக நீளம். வடக்கே தலைவைத்து ஒருவரும் படுக்கமாட்டார்கள். தெற்கே வைத்தால், செத்தவீட்டில் கிடத்துவது அப்படித்தான். பெயரைக் கேட்டே பயந்திருந்த சனம் அதற்கும் மாட்டோம் என்றது. கிழக்கு மேற்காகப் படுக்க அகலம் காணாது. ஒருவர் கால் மற்றவர் தலையில் முட்டும். வாய்க்கால் தண்ணீரை ஆளுக்காள் பங்கிட்டுப் பழகியவர்கள் அல்லவா, எழும்பி நின்று அளந்து, வாதாடி, கடைசியில் எல்லாரும் மூலைவாட்டாக ஒரே சரிவில் படுத்தார்கள். அதற்கு அரை மணித்தியாலம் போனது.

படுத்து இரண்டாம் நிமிடம் குறட்டை. விடிய நாலு மணிக்கு எழும்பிய உடம்பைக் கண்ணை மூடச் சொன்னால் வேறு என்ன செய்யும்? "மெதுவாக எழும்புங்கோ" என்றேன். என் குரலுக்கு யார் எழும்புவது? முன்வரிசையில் கிடந்தவரைத் தோளில் தட்டி எழுப்பக் குனிந்தேன். சீலை விலகியது. அவருடைய மனைவி எட்டிப் பார்த்து, வாயில் விரலை வைத்து, என்னைவிட மெதுவான குரலில் சொன்னார்:

"தட்டாதேங்கோ மாஸ்ரர், கிடக்கட்டும். முழிச்சிருந்தால் எனக்கெல்லோ வேலை சொல்லுவார்."

பாம்பாய்ப் போன கமக்காரன்

இரண்டாம் மாதம் வேறு துன்பம். ஆசனம் வருகிறது, ஒழுங்கு வரவில்லை. ஒருவர் வள்ளமாக இருக்க, பக்கத்து ஆள் மரமாக நிற்பார். அம்மப்பா கதை சொல்லும்போது ஒரு சம்பவத்தின் வாலைப் பிடித்துத்தான் அடுத்தது வரும். நடுவில் ஒன்றை உருவி எடுக்க ஏலாது. அந்த மாதிரி பன்னிரண்டையும் முன்பின்னாக மாற்றி ஒரு கதையாகக் கோர்த்தேன். ஒரு கமக்காரன் விடிய எழும்பிக் குந்துகிறான், பாலை மரம் மாதிரி நிமிர்ந்து நிற்கிறான், சூரியனைக் கும்பிடுகிறான், குனிந்து களை பிடுங்குகிறான், வரம்பில் பாம்பு வருகிறது, பன்றிக்கு வில் வளைக்கிறான், குளத்தில் வள்ளம் ஏறுகிறான், இப்படியே போய், வீட்டுக்கு வந்து ஆறுதலாகப் படுக்கிறான்.

ஒழுங்கு ஒரே நாளில் பிடிபட்டது. ஆனால் கமக்காரர்களுக்கே கமக்காரன் கதை சொன்னால் என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவில்லை. "பாம்பைக் கண்டவன் தடி எடுக்காமல், தானும் பாம்பாய்ப் படுக்கிறானோ? விசரனோ அவன்?" என்றார் ஒருவர். "எங்கடை குளத்திலை ஆர் வள்ளம் விட்டவை? அவன் பூநகரிக் கடற்கரைப் பக்கத்து ஆள்" என்றார் மற்றவர். "அவன் பொண்டாட்டி எங்க தம்பி? சோறு ஆக்குனது யாரு?" என்று சீலைக்கு அந்தப் பக்கமிருந்து ராமாயியக்கா. அன்று மேற்பார்வைக்கு வந்து, கதிரையில் காலை நீட்டியிருந்த செல்லத்துரையர் எல்லாம் கேட்டு முடித்துத் தடியை நிலத்தில் ஊன்றினார். மண்டபம் போச்சு என்று நினைத்தேன்.

"அதெல்லாம் கிடக்கட்டும் தம்பி. ஒருக்காக் குனிஞ்சு நிமிரக் களை முடியுதெண்டால், அவன்ரை காணி எத்தினை பரப்பு?"

விட்ட இடம்

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பங்கர், குண்டுவீச்சுக்குப் பதுங்குகிற குழி, இருந்தது, எல்லா இடத்திலும் இருந்ததுபோல. பிளேன் சத்தம் தூரத்தில் கேட்டால் எல்லாரும் அதற்குள் ஓடுவோம். கிட்டத்தில் வந்துவிட்டால் யாராவது ஒருவர் "குப்புறப் படுங்கோ!" என்று கத்துவார், ஓடக்கூடியவர் ஓட, மற்றவர்கள் நின்ற இடத்திலேயே விழுவோம். முழங்கையை ஊன்றி, நெஞ்சு தரையில் முட்டாமல், வாயைத் திறந்தபடி. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை. பாம்பாசனத்தைத் தொடங்க இதைவிடத் திறமான வழி எனக்கு எந்தச் சுவாமியாரும் சொல்லித் தரவில்லை.

ஒருநாள் எல்லாரும் வள்ளமாக இருக்கும்போது சத்தம் வந்தது. முக்கால் மணித்தியாலம் பங்கருக்குள் இருந்துவிட்டு வெளியே வந்தோம். நான் கொப்பியை மூடினேன். "இண்டைக்கு இவ்வளவும் காணும், வீட்டை போவம்" என்றேன். சின்னராசா அண்ணை தன் சாக்கை உதறி விரித்து, அதன் மேல் இருந்துகொண்டு இரண்டு காலையும் தூக்கினார்.

"எங்கை போறது? நாங்கள் நடுக்குளத்திலை எல்லோ நிக்கிறம். முதல் கரையிலை கொண்டுபோய் விடுங்கோ மாஸ்ரர்."

கமிற்றி வந்த பின்னேரம்

அறுவடைக்கு முதல் கிழமை கமிற்றி வந்தது. செல்லத்துரையரும் இன்னும் இரண்டு பேரும், மூன்று கதிரை. முற்றத்தில் வெறும் சாக்குகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கியிருந்தன. மண்டபத்துக்குள் எப்போது வரலாம் என்று கேட்பதுபோல வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. ராமாயியக்கா என்னிடம் வந்து வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. மூன்று நாளாக வயலில் குருவி கலைத்துக் கத்தியதில் தொண்டை அடைத்துவிட்டது. தன் தொண்டையைத் தொட்டு, பிறகு என் தொண்டையைக் காட்டினார். இன்று நீதான் என்று அர்த்தம்.

முன்பக்கத்தில் கதை தானாக ஓடியது. குந்தினார்கள், நின்றார்கள், கும்பிட்டார்கள், குனிந்தார்கள். சீலைக்கு அந்தப் பக்கமோ, ராமாயியக்கா தலையை நீட்டிக் கையால் காட்டியபடி, இன்னும் பாலை மரமாகவே நின்றது. "பின்னுக்கு நிக்கிறவைக்கு ஒண்டும் கேக்கேல்லைப் போல" என்று கமிற்றியில் ஒருவர் சொல்ல, மற்றவர் ஒரு துண்டுக் கடுதாசியில் என்னவோ எழுதினார். என் கண் சாக்குக் கட்டுக்குப் போனது. அடுத்தது பாம்பு. ராமாயியக்காவாக இருந்தால் எப்போதும்போல, "வரப்புல பாம்பு வந்திருச்சு, படுத்துக்கங்க" என்று முடித்திருப்பார். கமிற்றிக்கு முன்னால் பாம்புக் கதை சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. முறையாகச் சொல்வோம், எல்லாருக்கும் கேட்கச் சொல்வோம் என்று, வயிற்றிலிருந்த காற்றையெல்லாம் திரட்டி, பிறந்ததிலிருந்து கத்தாத கத்தலைக் கத்தினேன்.

"குப்புறப் படுங்கோ!"

மண்டபத்தில் ஆளில்லை. கயிறு அறுந்து, மூன்று சீலைகளும் யாரோ ஒருவரின் கழுத்தோடு போய்விட்டன. மூலையில் நின்ற நாலு பேர் மட்டும் ஓட வழியில்லாமல் விழுந்து கிடந்தார்கள். முழங்கை ஊன்றி, நெஞ்சு உயர்ந்து, வாய் திறந்து, மூன்று மாதத்தில் நான் கண்ட மிகத் திறமான பாம்புகள். அதைப் பார்க்க வேண்டிய கமிற்றிதான் இல்லை. மூன்று கதிரைகளும் கவிழ்ந்து கிடந்தன.

பங்கர் வாசலில் போய் நின்று, "பிளேன் இல்லை, அது ஆசனம்" என்றேன். கத்தி முடித்த தொண்டையில் பழைய குரல்கூட மிச்சமில்லை. "உள்ளுக்கு வாடா விசரா!" என்று யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்துப்போட்டார்கள். உள்ளே எல்லாரும் பாதம் முழுக்க மண்ணில் பதியக் குந்தியிருந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, வராத பிளேனுக்குக் காதைக் கொடுத்தபடி. ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதிக்குள் நான் மெதுவாகச் சொன்னேன்: "மூச்சை விடுங்கோ." மூன்று மாதத்தில் முதல்முறையாக நான் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் விட்டார்கள். பிறகு நடந்ததைச் சொன்னேன்.

அடைத்த தொண்டையோடு ராமாயியக்காதான் முதலில் காற்றாகச் சிரித்தார். அதைப் பார்த்துச் சின்னராசா அண்ணை வெடிக்க, பங்கர் முழுக்கக் குலுங்கி, மேலிருந்து மண் உதிர்ந்தது. செல்லத்துரையர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் முதல் ஆளாக இறங்கியவர் அவர்தான், அடிமூலையில் இருந்தார். இருந்தார் என்றால், குந்தியிருந்தார். ஊன்றுதடி மண்டபத்துக்குள் கிடந்தது. தன் முழங்காலை, வேறு ஆரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். எழும்பிப் பார்த்தார், வரவில்லை. நாங்கள் இரண்டு பேர் கை கொடுக்கப் போனோம். கையைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நெல்லை என்ரை விறாந்தையிலை அடுக்குவம். ஓடிவந்து குந்துறதுக்கு ஒண்டு படிப்பிச்சுப் போட்டீர். இனி எழும்பி ஏறுறதுக்கு ஒண்டு படிப்பியும். ஆனா தம்பி, அதை ராமாயி சொல்லட்டும்; நீர் வாய் திறக்கப்படாது."

எந்த ஆசனத்துக்குப் பிறகு எந்த ஆசனம் என்று மூன்று மாதம் பென்சிலால் எழுதி எழுதி அழித்த எனக்கு, எந்தச் சொல்லை எவ்வளவு சத்தமாகச் சொல்வது என்று அந்தக் கொப்பியின் ஒரு மூலையிலாவது எழுதிவைக்கத் தோன்றாமல் போனதால்தான் இன்றைக்கும் ஒரு மாஸ்ரராக இருக்கிறேன்.